மணலுக்குக் கீழே களி

மெஹருன்னிசா நெடுங்கரடு அணைக்கு வந்து இறங்கிய அன்றுதான் தமயந்திக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று என்று சொன்னால் அது பொய். அது ஆரம்பித்து இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. பொறியியல் கல்லூரி விடுதியில் இருவரும் ஒரே அறை. தமயந்தி விடியற்காலையில் எழுந்து படிப்பாள். மெஹர் தேர்வுக்கு முந்தைய நாள் சாயங்காலம் அவளுடைய நோட்டை வாங்கிப் புரட்டுவாள். முடிவு வரும்போது மெஹர் இரண்டு மதிப்பெண் கூடுதலாக வாங்கியிருப்பாள். "எல்லாம் உன் நோட்டுதான்டி" என்று கட்டிக்கொள்வாள். அதை அவள் மனசாரச் சொன்னாள் என்பதுதான் தமயந்தியால் தாங்க முடியாத விஷயம்.

படிப்பு முடிந்ததும் மெஹர் வெளிநாடு போனாள். தமயந்தி அரசுத் தேர்வு எழுதி, நெடுங்கரடு அணையின் வண்டல் அளவைப் பிரிவுக்கு வந்தாள். யாரும் கேட்டு வாங்காத பிரிவு அது. மதகிலும் மின்நிலையத்திலும் வேலை செய்பவர்களுக்குக் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். வண்டல் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. படகில் போய், நீளமான குழாயைச் சேற்றுக்குள் இறக்கி, உள்ளே சிக்கிய மண்ணோடு மேலே இழுத்து, எண் போட்டு, குளிரூட்டிய கிடங்கில் அடுக்கி வைக்க வேண்டும். இருபத்தொரு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு குழாய்கள் எடுத்திருந்தாள். ஒரு குழாயை நீளவாக்கில் பிளந்தால் எந்த வருடம் பெருவெள்ளம் வந்தது, எந்த வருடம் மலைக்காடு எரிந்து சாம்பல் அடித்துக்கொண்டு வந்தது என்று வரி வரியாகச் சொல்லிவிடுவாள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

2051 தை மாதம் ஆள் வந்தது. வந்தது மெஹர்.

எண்பத்தாறு வயதான அணை. கட்டியபோது முப்பத்து நான்கு டி.எம்.சி. பிடித்தது, இப்போது பத்தொன்பதுதான் பிடித்தது. மற்ற இடமெல்லாம் மண். அந்தத் தண்ணீரை நம்பி இரண்டு நகரங்கள் இருந்தன. அதனால் மண் அடைத்த இடத்தை மீட்கும் மெஹரின் திட்டத்துக்கு அனுமதி சீக்கிரமே கிடைத்தது. முதல் கூட்டத்தை அணையின் ஆய்வு மாளிகையில் வைத்தார்கள். பொறியாளர்கள், பாசன சங்கத்தார், மீனவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.

"அள்ளிக் கொட்டறதுன்னா ஒரு நாளைக்கு ஆயிரம் லாரி வெச்சாக்கூட நூத்துப் பத்து வருஷம் ஆகும்" என்றாள் மெஹர். "அதுக்குள்ள ஆறு புதுசா எவ்வளவு கொண்டுவந்து போடும்?"

"அள்ளாம எப்படிங்க எடம் உண்டாகும்?" பின்னாலிருந்து கேட்டவர் ராக்கியண்ணன். தமயந்தியின் படகோட்டி. பதினோரு வருடமாக அவளோடு குழாய் இறக்குபவர்.

மெஹர் கைப்பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தாள். சீட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து, மேசைமேல் ஒரு முழ உயரத்துக்கு ஒரு வீடு கட்டினாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"அடியில இருக்கற களி இப்ப இப்படித்தான் நிக்குது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் தகடுங்க. நடுவுல முழுக்கத் தண்ணி. கையில எடுத்தா கூழு." வீட்டின் தலையில் விரலை வைத்து அழுத்தினாள். சீட்டுகள் சரிந்து படுத்தன. "தானா இப்படிப் படுக்கறதுக்கு நூறு வருஷம் ஆகும். எங்க நுண்ணுயிர் உள்ள போனா, களி ஒண்ணையொண்ணு தாங்கிப் பிடிக்கற குணம் போயிடும். ஆறே மாசம். உள்ள இருந்த தண்ணி மேல வந்துடும். மண்ணு அதே மண்ணுதான். எடம் நமக்கு மிச்சம்."

கைதட்டினார்கள். ராக்கியண்ணன் எழுந்து நின்று தட்டினார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தமயந்தியும் தட்டினாள். களிமண் பாடம் புரியவில்லை என்று மெஹர் அழுத ஒரு நாளில், விடுதிக் கட்டிலின்மேல் சீட்டுவீடு கட்டி அவளுக்கு விளக்கியது தமயந்தி.

அடுத்த வாரம் மெஹர் கிடங்குக்கு வந்தாள். வரிசையாக நின்ற குழாய்களைப் பார்த்து அவள் கண் விரிந்தது.

"தமு, இது தங்கச் சுரங்கம்டி. உலகத்துலயே ஒரு அணைக்கு இத்தனை வருஷத்து மண் மாதிரி கிடையாது. இதை வெச்சுத்தான் என் கணக்கே நிக்கப் போகுது. எல்லாத்தையும் குடுத்துருவேல்ல?"

"எடுத்துக்கோ. அரசாங்கத்துதுதானே."

"உன் பேரு கண்டிப்பா வரும்."

எங்கே வரும் என்று மெஹர் சொல்லவில்லை. நன்றி சொல்லும் பக்கத்தில் வரும் என்று தமயந்திக்குத் தெரியும். ஏற்கெனவே மெஹரின் இரண்டு கட்டுரைகளில் 'தரவு உதவி: அணை அலுவலகம்' என்று வந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவள் ஏழு குழாய்களைத் தனியாக எடுத்துவைத்தாள். நூற்றுப் பதினெட்டு முதல் நூற்று இருபத்து நான்கு வரை. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு கடும் வறட்சியில், ஆறு அணைக்குள் நுழையும் இடத்தில் மணல்திட்டு முழுக்க வெளியே தெரிந்தபோது, அவளும் ராக்கியண்ணனும் கையால் திருகித் துளையிட்டு எடுத்தவை அவை. ஆறு வேகம் குறையும் இடத்தில் கனமான மணலை முதலில் போட்டுவிடும், மெல்லிய களி அணைச்சுவர்வரை போய்த்தான் படியும் என்பது எல்லாப் புத்தகத்திலும் உள்ளது. அந்தத் திட்டில் வெறும் மணல்தான் இருக்க வேண்டும். ஆனால் ஏழு குழாயிலும் ஐந்து மீட்டர் மணலுக்குக் கீழே களி இருந்தது. அணை எப்போதும் நிரம்பிக் கிடந்த முதல் முப்பது வருடங்களில் களி அணைச்சுவரிலிருந்து அவ்வளவு தூரத்திலும் படிந்திருக்கிறது. பிறகு நீர்மட்டம் குறைய, ஆறு அதன்மேல் மணலைக் கொண்டுவந்து மூடியிருக்கிறது. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அந்தக் களி இன்னும் கூழாகவே இருந்தது.

அது அவள் கண்டுபிடித்தது. அவள் மட்டும். என்றைக்காவது அவள் பெயரில் மட்டும் ஒரு கட்டுரை எழுதுவதற்காக வைத்திருந்தாள். எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வேலை வந்தது, பதினோரு வருடம் ஓடிவிட்டது.

மீட்டர் நீளத் துண்டுகளாக அறுத்திருந்த ஏழு குழாய்களையும் தன் குடியிருப்பின் பின்னறையில் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஒப்படைப்புப் பட்டியலில் அந்த எண்களுக்கு நேராக 'மழையில் சேதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதி முடித்தபோது, இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக மெஹரிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிற நிம்மதி வந்தது.

பங்குனியில் முதல் தவணை போட்டார்கள். அணைச்சுவருக்கு அருகே, களி ஆழமாக உள்ள இடத்தில், படகுகளிலிருந்து நீளக் குழாய் வழியாக நுண்ணுயிர்க் கரைசலைச் சேற்றுக்குள் செலுத்தினார்கள். தொழிலாளர்கள் அதை 'மருந்து' என்றார்கள். இரண்டே மாதத்தில் அடியிலிருந்த சேற்றுப்படுகை இறங்கத் தொடங்கியது. ஆழம் அளக்கும் எதிரொலிக் கருவியில் வாராவாரம் புதுக் கோடு விழும். ஒவ்வொரு கோடும் முந்தையதற்குக் கீழே.

மெஹரைப் பார்க்கத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். தலைமைப் பொறியாளர் தன் அறைக்குப் பக்கத்து அறையை அவளுக்கு ஒதுக்கினார். அணைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர், இத்தனை வருடத்தில் தமயந்திக்குச் சர்க்கரை எவ்வளவு என்று நினைவில் வைக்காதவர், மெஹருக்கு இஞ்சி தட்டிப் போட்டுத் தனி டீ கொடுத்தார். இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் படகில் போகும்போது ராக்கியண்ணன் சொன்னதுதான் உள்ளே தைத்தது.

"ஏனுங்க மேடம், மெஹர் மேடம் நம்ம வேலையப் பத்தி என்னமா எடுத்துச் சொல்றாங்க! பதினொரு வருஷம் சேத்துல நின்னுருக்கறேன், எதுக்கு நிக்கறோம்னு அவிக சொல்லித்தானுங்க எனக்குப் புரிஞ்சுது."

"நான் சொல்லலையா?"

"நீங்க நம்பரு சொல்லுவீங்க" என்றார் அவர், குறையாகச் சொல்லாமல்.

தமயந்தி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். 

ராக்கியண்ணன் குடியிருந்தது அந்த மணல்திட்டின் மேல்தான். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்க்காரர்களின் பேரன் பேத்திகள் நூற்று நாற்பது குடும்பம், இருபது வருடத்துக்கு முன்னால் திட்டின் முதுகு வெளியே தெரியத் தொடங்கியபோதே ஒவ்வொருவராக வந்து அதில் பயிர் வைத்தார்கள். பிறகு வீடு கட்டினார்கள். புதுத்திட்டு என்று பெயர் வைத்தார்கள். வெள்ளரி, தர்பூசணி, நிலக்கடலை எல்லாம் நன்றாக வரும். பட்டா மட்டும் கிடையாது. வரைபடத்தில் அந்த இடம் நீர்ப்பரப்பு.

ஆனி மாதம் முதல் வாரம் தமயந்தி லெவல் எடுத்துத் தரைமட்டத்தை அளக்கப் புதுத்திட்டுக்குப் போனாள். யாரும் அனுப்பவில்லை. களியின் அடுக்கு அணைச்சுவரிலிருந்து தொடர்ச்சியாக மணலுக்குக் கீழே வருகிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். மருந்து அதன் வழியாக ஏறி வருமா என்று ஒரு எண்ணம் கொஞ்ச நாளாகவே இருந்தது. கோயில் திண்டில் அவள் முன்பு அடித்துவைத்த அளவுக்குறியைப் பார்த்தாள். கருவியை நிறுத்தி மூன்று முறை படித்தாள்.

பதினோரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். இதைப் பிற்பாடு அவள் யாரிடமும் மறைக்கவில்லை. மெஹரின் கணக்கு தப்பு. அத்தனை பேர் கைதட்டிய கணக்கு தப்பு. அது ஊருக்கெல்லாம் தெரியப் போகிறது, தான் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.  சிரிப்புகூட வந்தது.

"அம்மிணி, வெயில்ல நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க? வாங்க, மோர் குடிங்க." ராக்கியண்ணனின் மனைவி பாவாயி கூப்பிட்டாள்.

மோரைக் கொடுத்துவிட்டு அவளைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனாள். வெள்ளரிப் பாத்திகளுக்கு நடுவே மணலில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்ன ஊற்றுகள். தண்ணீர் மணலைக் கிளறிக்கொண்டு மேலே வந்தது.

"ஒரு வாரமாத் தானா வருதுங்க. இருவது வருஷமாக் கொடம் கொடமாச் சொமந்து ஊத்தினேன். இப்பத்தான் சாமி கண்ணத் தொறந்துருக்குது" என்றாள் பாவாயி.

கீழே இருந்த களி பிழியப்படுகிறது. அந்தத் தண்ணீர்தான் மேலே வருகிறது. தமயந்தி ஊற்றைப் பார்த்தாள், பாவாயியின் முகத்தைப் பார்த்தாள். "நல்லதுதானே" என்றாள்.

அடுத்த எட்டு நாளும் அவள் புதுத்திட்டுக்குப் போனாள். தினமும் அளந்தாள். பதினைந்து, பத்தொன்பது, இருபத்தாறு. அளந்ததைத் தன் நோட்டில் மட்டும் எழுதினாள். மத்தியானம் பாவாயி வீட்டில் சோறு போட்டார்கள், சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் ஆகட்டும், யாரும் மறுக்க முடியாத அளவுக்கு ஆகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறாம் நாள் மெஹரின் படகுகள் இரண்டாம் தவணையை எடுத்துக்கொண்டு போவதை அணைமேல் நின்று பார்த்தாள். மெஹர் கீழேயிருந்து கையசைத்தாள். அவளும் அசைத்தாள். அப்போது ஒரு குரல் கொடுத்திருந்தால் படகுகள் நின்றிருக்கும்.

ஒன்பதாம் நாள் போனபோது ஊற்றெல்லாம் சேர்ந்து பாத்திகள் குட்டையாகியிருந்தன. பாவாயி வீட்டுச் சுவரில் கூரையிலிருந்து தரைவரைக்கும் ஒரு வெடிப்பு. கை உள்ளே போகும் அளவு. பாவாயி அதில் சிமெண்டு பூசிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி அதிகமானா இப்படி ஆகுமுங்களா அம்மிணி?"

தமயந்தி திட்டின் முனைக்கு நடந்தாள். அங்கிருந்து பார்த்தால் அணைநீர் போன வாரம் இருந்ததைவிடப் பக்கத்தில் இருந்தது. மலையில் மழை தொடங்கிவிட்டது. தண்ணீர் ஏறுகிறது, மண் இறங்குகிறது. இரண்டும் சந்திக்க எத்தனை நாள் என்று கணக்குப் போட அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. படகுக்கு ஓடினாள்.

மெஹர் தன் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமயந்தி சேற்றுக் காலோடு உள்ளே போய், நோட்டை அவள் முன்னால் போட்டாள்.

"புதுத்திட்டு இறங்குது. ஒன்பது நாளா. மணலுக்குக் கீழ களி இருக்கு மெஹர். அஞ்சு மீட்டருக்குக் கீழ. திரியில எண்ணெய் ஏறற மாதிரி உன் மருந்து அது வழியா ஏறிருச்சு."

மெஹர் நோட்டைப் புரட்டினாள்.  "களி இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்ட ஏழு குழாய் இருக்கு. நூத்திப் பதினெட்டுலேருந்து. உனக்குக் குடுக்காம வெச்சுக்கிட்டேன்."

மெஹர் நோட்டை மூடினாள். திட்டுவாள், கத்துவாள் என்று தமயந்தி காத்திருந்தாள். திட்டினால் தேவலாம் போல இருந்தது.

"'மழையில் சேதம்'னு எழுதியிருந்தே" என்றாள் மெஹர் கடைசியில். "குளிரூட்டின கிடங்குக்குள்ள இருந்த குழாய் மழையில எப்படிடி சேதமாகும்?"

தமயந்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"பட்டியலைப் பார்த்த அன்னிக்கே தெரியும். ஏதோ ஒளிச்சு வெச்சிருக்கேன்னு. நல்லதா ஏதோ ஒண்ணுன்னும் தெரியும். நீ ஒளிச்சு வெக்கறதுன்னா அது சாதாரணமா இருக்காது." மெஹர் கண்ணாடியைக் கழற்றினாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பே. ஆனா அது உன்னோடதுன்னு ஆயிருக்கும். முதல் பேரு உன்னோடது. சீட்டுக்கட்டும் உன்னோடது, குழாயும் உன்னோடது, கடைசியில என்னோடதுன்னு என்னடி இருக்கு? அதான் கேக்கலை. ஏழு குழாய் இல்லாமலே கணக்கு சரியா வரும்னு நெனைச்சுக்கிட்டேன்."

 சன்னலுக்கு வெளியே நீர்ப்பரப்பு பளபளத்தது.

"நிறுத்த முடியுமா?" என்று தமயந்தி கேட்டாள்.

"முதல் தவணை மட்டும்னா இன்னும் ஒரு மாசத்துல தானா செத்திருக்கும். இரண்டாவது போட்டு மூணு நாள் ஆச்சு. இனி எடுக்க முடியாது. எவ்வளவு இறங்கும்?"

"ரெண்டரை மீட்டர்."

"தண்ணி?"

"இருபது நாள்ல வந்துரும்."

மெஹர் தொலைபேசியை எடுத்தாள்.

புதுத்திட்டைக் காலி செய்யப் பதினெட்டு நாள் கிடைத்தது. யாரும் சாகவில்லை. ஆடு மாடு, ஓடு, கதவு நிலை, சாமி சிலை எல்லாவற்றையும் படகில் ஏற்றினார்கள். கடலை பிடுங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது, பிஞ்சாகவே பிடுங்கினார்கள். கடைசி நாள் பாவாயி தன் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படகில் ஏறினாள். எதற்குப் பூட்டுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. ஆவணி பிறந்தபோது புதுத்திட்டு இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

தனக்கு வேலை போகும், வழக்கு வரும் என்று தமயந்தி எதிர்பார்த்தாள். ஒரு விசாரணை வைத்தார்கள். அவளும் மெஹரும் நடந்ததை நடந்தபடி வாயால் சொன்னார்கள். எழுத்தர் அதில் பாதியைக்கூட எழுதவில்லை. விசாரணை அதிகாரி கேட்டது ஒன்றுதான்: அந்த இடம் அரசு ஆவணத்தில் என்ன? நீர்ப்பரப்பு. நீர்ப்பரப்பில் நீர் வந்தது. அப்படியானால் சேதம் என்று எதைச் சொல்வது?

புரட்டாசியில் அறிக்கை வந்தது. திட்டம் மூன்று டி.எம்.சி. மீட்கும் என்று கணித்திருந்தது. மீட்டது நான்கே கால். கூடுதலாகக் கிடைத்த ஒன்றே கால், மணல்திட்டுக்கு அடியில் இருந்த களி அமுங்கியதால் வந்தது. 'மணலுக்கு அடியில் மறைந்திருந்த இக்களிப் படுகையை ஏழு மண் மாதிரிகளின் மூலம் கண்டறிந்தவர் உதவிச் செயற்பொறியாளர் தமயந்தி' என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருந்தது. திட்டத்தைப் பற்றி வந்த கட்டுரையிலும் அவள் பெயர்தான் முன்னால். மெஹரின் பெயர் அதற்குப் பின்னால்.

தலைமைப் பொறியாளர் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். இதற்கு முன் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததில்லை.

"மாநிலத்துல இன்னும் பதினோரு அணையில இதைப் பண்ணப் போறோம். அங்கயும் திட்டு இருக்கு. எந்தத் திட்டுக்கு அடியில களி இருக்குன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். உங்களுக்குன்னு தனிப் பிரிவு."

"அந்தத் திட்டுல எல்லாம் ஆள் இருக்காங்களா சார்?"

"பட்டா இருக்கறவங்க யாரும் இல்லை" என்றார் அவர். "யோசிச்சுச் சொல்லுங்க."

அன்று மெஹர் தொலைபேசியில் அழைத்தாள். "வாழ்த்துகள் தமு. உனக்கு வர வேண்டியதுதான்" என்றாள். வார்த்தைகள் எல்லாம் சரியாக இருந்தன. இடையில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது.  தமயந்திக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருடம் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. மெஹர் அவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். தமயந்தி போனை வைத்துவிட்டு, ஏழு குழாய்கள் கிடந்த கட்டிலடியைக் கூட்டிப் பெருக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை அவள் தார்ச்சாலை ஓரம் போனாள். புதுத்திட்டுக்காரர்களுக்குத் தகரக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ராக்கியண்ணன் அவளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். படகு வேலைக்கும் அவர் வருவதில்லை. பாவாயி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தமயந்தி தரையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். குழாய்களைப் பதுக்கியது, பதினோரு சென்டிமீட்டரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது, ஊற்று எங்கிருந்து வந்தது என்று தெரிந்தே நல்லது என்றது, ஆறாம் நாள் படகைப் பார்த்துக் கையசைத்தது.

பாவாயியின் கையில் முறம் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் வந்து நின்றார்கள்.

"எதுக்குங்க? நாங்க உங்களுக்கு என்ன செஞ்சோம்?"

"நீங்க ஒண்ணும் செய்யலை. இன்னொருத்தி மேல இருந்த பொறாமை."

"அவிக மேல பொறாமைக்கு எங்க வெள்ளாமைக் காட்டயா கொண்டுபோய் முக்கினீங்க?" பாவாயி கத்தவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். 

பாவாயி முறத்தைக் கீழே வைத்தாள். "இப்பச் சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

"ஆப்பீசர் எழுதினா கோர்ட்டுல எடுத்துக்குவாங்களாமா. நாங்க அங்க இருந்தோம்னு, காடு இருந்துச்சு, வூடு இருந்துச்சு, அது உங்களுக்குத் தெரியும்னு எழுதோணும். உங்க வேலை போயிருமுங்களா?"

"போகும்."

"போவட்டும்" என்றாள் பாவாயி. பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஒவ்வொருத்தரா வாங்க. பேரு, அப்பன் பேரு, என்ன வெள்ளாமை வெச்சிருந்தீங்கன்னு சொல்லுங்க. இந்தம்மா எழுதட்டும்."

யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் பள்ளிக்கூடப் பலகையும் கொண்டுவந்து போட்டார்கள். தமயந்தி முதல் தாளில் தான் செய்ததை எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு பெயர்களை எழுதத் தொடங்கினாள். வரிசை தார்ச்சாலை வளைவுவரைக்கும் நின்றது. குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை பாத்தி, கிணறு இருந்ததா, வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல். சிலர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். ஒரு கிழவர் பெயரைச் சொல்லிவிட்டுக் காறித் துப்பிவிட்டுப் போனார். மத்தியானம் யாரும் அவளைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. வெயில் சாய்ந்தபோது நூற்று முப்பத்தொன்பது குடும்பம் முடிந்திருந்தது.

கடைசியாகக் கொட்டகைக்குள்ளிருந்து ராக்கியண்ணன் வந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு, பட்டன்களை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து, நாற்காலிக்கு முன்னால் கைகளைக் கட்டி நின்றார். தமயந்தி தலை நிமிராமல், தெரிந்த பெயரைத் தானே எழுதப் போனாள்.

"இருங்க. நான் சொல்றேன், எழுதுங்க" என்றார் அவர். பேனா நின்றது.

முன்பின் பார்த்திராத ஓர் அதிகாரியிடம் சொல்வதுபோல, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ராக்கியண்ணன். அப்பா பேரு செம்மலை. சம்சாரம் பாவாயி. வெள்ளரி பதினாலு பாத்தி, கடலை அரை ஏக்கரா. வீடு கெழக்குப் பார்த்த வாசல்."

அவள் எழுதினாள். அவர் குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்துச் சரிபார்த்துவிட்டு நகர்ந்தார்.